தபசு காலத்துக் களி

1944 பிப்ரவரி 23, புதன்

விடியற்காலையில் பனி. பூசைக்குப் போகும்போது முக்காடு நனைந்துவிட்டது. இன்று விபூதிப் புதன், தபசு காலம் தொடக்கம். நெற்றியில் சாம்பல், வயிற்றில் ஒன்றுமில்லை. அப்படியே இவரை அழைத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு.

சர்க்கரை வியாதிதான். டாக்டர் ஐயா கண்ணாடிக் குழாயில் ஏதோ நீல மருந்தை ஊற்றி, இவருடைய சிறுநீரைச் சில சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். கொதித்ததும் செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. "பாத்தீங்களா டீச்சர், இவ்வளவும் சர்க்கரை" என்றார். இவர் அது யாருடையதோ என்பதுபோல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல மாதமாகவே ஓயாத தாகம், மெலிவு, அலுப்பு. தாலுகா ஆபீஸில் வேலை கூடிவிட்டது, யுத்த காலம், எல்லோரும்தான் மெலிகிறார்கள் என்று இருந்துவிட்டோம். இடது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லையே என்று காட்டப் போனதில் இது தெரிந்தது.

ஊசி மருந்து இருக்கிறதாம். கப்பலில் வரவேண்டும். இப்போது பட்டணத்துக்கே கிடைக்கவில்லை, தர்மபுரிக்கு எங்கே. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் வருகிற இந்த வகைக்குச் சாப்பாடே பெரிய மருந்து என்கிறார். மறக்காமல் எழுதிவைக்கிறேன்:

அரிசிச் சோறு கூடாது. பகலில் கேழ்வரகுக் களி, ஒரு கைக்கு அடங்கிய உருண்டை. இரவு சாமை, அதுவும் கொஞ்சம்.
கீரை, அவரை, கத்தரி, பாகல், எவ்வளவு வேண்டுமானாலும்.
கொள்ளு, மோர், முட்டை உண்டு.
காப்பியில் சர்க்கரையும் இல்லை, வெல்லமும் இல்லை.
தினம் இரண்டு வேளை பாதத்தைக் கழுவி, துடைத்து, விரலிடுக்கெல்லாம் பார்க்க வேண்டும். புண் ஆறிய பிறகு நடை.

நீலக் குப்பியையும் குழாயையும் என்னிடமே கொடுத்தார். சிவப்பு வந்தால் சாப்பாட்டில் தப்பு. பிறகு மஞ்சள், பச்சை என்று குறைந்துவர வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் நல்லது.

திரும்பி வரும் வழியில் இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காப்பியிலயுமா, லூர்து?"

நாற்பது நாள், பாஸ்குத் திருநாள் வரை, இவர் தின்பதையே நானும் தின்பது என்று பொருத்தனை செய்துகொண்டேன். ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருப்பதற்குப் பதில் இது. ரோசலி வளரும் பெண், ஒன்பது வயது. அவளுக்கு மட்டும் சோறு.

பிப்ரவரி 24, வியாழன்

களி கிண்டத் தெரியவில்லை. எங்கள் அப்பா வீட்டில் அதை அடுப்பில் ஏற்றியதே கிடையாது. ஒரே கட்டி. நடுவில் மாவு வேகவேயில்லை. இவர் பேசாமல் விழுங்கினார். மென்றால் பல்லில் ஒட்டும், விழுங்கவேண்டியதுதான் என்று ரோசலிக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

மாலை பஸ்ஸில் அத்தை வந்தார். இவருடைய அம்மா. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம் மலையடியில் இருக்கிறார். அங்கே மாதம் ஒருமுறைதான் பூசை. அதனால் தபசு காலத்தில் எங்களிடம் வந்துவிடுவது வழக்கம். புளி, நிலக்கடலை, ஒரு பானை வெல்லம். வெல்லத்தை எடுத்துப் பரணில் வைத்தேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

முகம் செத்துவிட்டது. மூத்த மகன் நினைவு. இவருடைய அண்ணன் கோலாருக்கு வேலைக்குப் போனவர், இதே வியாதி. சோற்றை நிறுத்தினார்கள், காலை எடுத்தார்கள், பிறகு பெட்டியில்தான் ஊருக்கு வந்தார். நான் கலியாணமாகி வருவதற்கு முந்தைய ஆண்டு.

பிப்ரவரி 27, ஞாயிறு

நிறம்: செங்கல் சிவப்பு.

பூசையில் சாமியாரின் பிரசங்கம் போசனப் பிரியத்தை அடக்குவது பற்றி. இவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை.

கொள்ளு ரசம் நன்றாக வந்தது. முருங்கைக்கீரையில் பூண்டும் கடலையும் போட்டுக் கிளறினேன். களியும் தேவலை. தண்ணீர் நன்றாகத் தளதளத்த பிறகுதான் மாவைக் கொட்ட வேண்டுமாம், கொட்டியதும் கிளறக்கூடாதாம். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் எடுத்துவைக்கும் மாரியம்மாள் சொல்லித்தந்தாள். தர்மபுரியில் இத்தனை வருஷம் இருந்தும் தெரியவில்லையா என்று சிரித்தாள்.

அத்தை களியைத் தொடவில்லை. தனக்கு ஒரு பிடி அரிசி தானே வடித்துக்கொள்கிறார். என் கண்ணில் படும்படி.

மார்ச் 2, வியாழன்

நிறம்: சிவப்பு, சற்று வெளிர். எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

மூன்று நாளாகத் தலைவலி. காப்பியில் இனிப்பில்லாததாலா, களியாலா? ராத்திரி ஏழு மணிக்கே பசி. வகுப்பில் கணக்குப் போடும்போது வெள்ளைச் சோறும் ரசமும் கண்ணுக்குள் வந்து நின்றது. வெட்கமாக இருக்கிறது. வியாதி எனக்கில்லை.

இவர் பகலில் ஆபீஸிலிருந்து சாப்பிட வீட்டுக்குத்தான் வருகிறார். களியை ஆபீஸுக்குக் கட்டிக்கொண்டு போக மனமில்லை. மற்ற குமாஸ்தாக்கள் பார்ப்பார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வர முடியாது, அத்தைதான் எடுத்து வைக்கிறார். களி, கீரை, மோர் எல்லாம் மூடி வைத்துவிட்டுப் போகிறேன்.

விரல் அப்படியே.

மார்ச் 5, ஞாயிறு

நிறம்: மஞ்சள்!

செபமாலை சொல்லும்போது கவனம் முழுக்க அதிலேயே. குழாயைக் கழுவ மனமில்லாமல் கொஞ்ச நேரம் சன்னலில் வைத்திருந்தேன்.

மார்ச் 8, புதன்

நிறம்: மீண்டும் சிவப்பு. என்ன தப்பு செய்தேன் என்று புரியவில்லை. கடலை கூடிவிட்டதா? டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வெயில் ஏறிவிட்டது. கிணற்றில் நீர் இறங்குகிறது. ரோசலிக்கு முழங்கையில் சிரங்கு, வேப்பிலை அரைத்துப் போட்டேன்.

இவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. குழாயைக் கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

மார்ச் 10, வெள்ளி

நிறம்: சிவப்பு.

சிலுவைப்பாதைக்கு அத்தையும் நானும். முழங்காலில் நின்றவாறே அத்தை என் பக்கம் திரும்பாமல் சொன்னது: "எம் பெரியவன் கடைசியா ஒரு வாய் சோறு கேட்டுச்சாம். குடுக்கலையாம். நீ படிச்சவ லூர்து, நான் என்னத்த சொல்ல."

எழுந்து அடுத்த படத்துக்கு நகர்ந்தேன். கோயிலில் என்ன பதில் சொல்வது.

மார்ச் 13, திங்கள்

நிறம்: பச்சை. முதல்முறையாக!

இவரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். எனக்கோ நாள் முழுக்கக் கால் தரையில் படவில்லை. மூன்றாம் வகுப்புக்குப் பாட்டு நேரத்தை நீட்டிவிட்டேன்.

மார்ச் 15, புதன்

கமலம் டீச்சருக்கு வளைகாப்பு. பள்ளிக்கூடம் முடிந்து நேரே அங்கே. இலை போட்டுவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தயிர்ச்சோறு. எல்லாம் சாப்பிட்டேன். பொங்கலை இரண்டாம் முறை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. பசியில்லை என்று சாமையை மட்டும் தள்ளிவைத்தேன். "உனக்கு ஒடம்பு எப்படி இருக்கு?" என்று இவர் கேட்டது நெஞ்சில் குத்தியது.

மார்ச் 17, வெள்ளி

நிறம்: நீலம். சுத்தமான நீலம். ஆகாயம் மாதிரி.

கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி.

மார்ச் 19, ஞாயிறு. சூசையப்பர் திருநாள்

நீலம் தொடர்கிறது. டாக்டர் ஐயாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். ஆனால் விரலைப் பார்த்ததும் விளக்கைக் கிட்டே இழுத்தார். சுண்டுவிரல் வீங்கி, ஓரம் கருத்திருக்கிறது. அமுக்கினால் இவருக்கு வலியில்லை. வலியில்லாதது நல்லதல்ல என்கிறார். சர்க்கரை இறங்கியிருந்தால் புண் ஆறத் தொடங்கியிருக்க வேண்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நீல மருந்து பழசாகிவிட்டதோ என்றும் சந்தேகப்பட்டார்.

இவர் அப்போதும் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 20, திங்கள்

கொல்லையில் துணி துவைக்கப் போனேன். குளியலறைத் தடுப்புக்குப் பின்னால், இவர் ஒதுங்குகிற இடத்தில், எறும்பு. சிற்றெறும்பு, தரையே தெரியாமல். தை மாதமும் இப்படித்தான் மொய்த்தது. அப்போது ஏன் என்று தெரியவில்லை. இப்போது தெரியும்.

காலையில் நீலம். கொல்லையில் எறும்பு.

துணியை அப்படியே போட்டுவிட்டு நின்றேன். மருந்து கெட்டுவிட்டதென்றால் அதைத் தெரிந்துகொள்ள வழியிருக்கிறது. அலமாரியில் ரோசலியின் இருமலுக்கு வாங்கிய தேன். இரண்டு சொட்டைத் தண்ணீரில் கலக்கிக் குழாயில் விட்டுக் கொதிக்க வைத்தேன்.

செங்கல் சிவப்பு. மருந்தில் ஒரு கோளாறும் இல்லை.

இன்று இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று பயம்.

மார்ச் 21, செவ்வாய்

காலையில் நான் முன்னதாக எழுந்து பின்கதவை ஒருக்களித்து நின்றேன். இவர் அவுன்ஸ் கிளாஸில் கொஞ்சம் பிடித்தார். குடத்திலிருந்து தண்ணீரை மொண்டு மீதியை நிரப்பினார். விரலால் கலக்கினார். கையைக் கழுவினார். எல்லாம் நிதானமாக, பழகிய வேலைபோல.

கிளாஸை வாங்கிக்கொண்டேன். அடுப்பு மூட்டவில்லை.

"எறும்புக்குப் பொய் பேச யாரும் சொல்லிக்குடுக்கலைங்க" என்றேன்.

துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். ரோசலி எழுந்து வந்துவிடுவாளோ என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவராகவே சொன்னார். பச்சை வந்த நாளிலிருந்துதான் தண்ணீர் கலக்கிறாராம். முதலில் கொஞ்சம், பிறகு அதிகம்.

"ஏன்?"

"செவப்பு வந்தா நீ ஒண்ணும் சொல்லமாட்ட. பேசாம கொழாயக் கழுவுவ. நீ கழுவுறத பாக்க முடியல லூர்து."

எனக்குக் கோபம்தான் வரவேண்டும். கிளாஸைக் கல்லோரம் இறக்கி வைத்தேன்.

"அப்ப சோறு?"

"அம்மா போடுது. வேணாம்னா அண்ணன் பேரச் சொல்லி அழுவுது. ஒரு நாளு ரெண்டு நாளுன்னு ஆரம்பிச்சுது. தின்னா அம்மா அழுகைய நிறுத்துது. நீலம்னா நீ சிரிக்கிற. ரெண்டு பேருக்கும் நல்லவனா இருந்துரலாம்னு பாத்தேன்."

நான் தினம் மூடி வைத்துவிட்டுப் போன களி எங்கே போயிற்று என்று கேட்டேன். பக்கத்து வீட்டு எருமைக்கு.

இந்த வீட்டில் நானும் மாமியாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். நடுவில் இருந்தது இவருடைய கால்.

மார்ச் 22, புதன்

நிறம்: செங்கல் சிவப்பு. உண்மையான நிறம்.

அத்தையிடம் பேசவேண்டுமென்று ராத்திரியெல்லாம் வார்த்தை தேடி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல், தானே சொன்னார்: "ஆமா, நான்தான் போட்டேன். பசியோட போவக்கூடாது, அவ்ளோதான் எனக்கு."

"எங்கயும் போகமாட்டாருங்க அத்தை" என்றேன். சொன்னபோது எனக்கே நம்பிக்கையில்லை.

இவர் பகலில் களி தின்றாராம். அத்தை எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாராம்.

மார்ச் 24, வெள்ளி

விரல் முழுக்கக் கருப்பு. நாற்றம். டாக்டர் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டே, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே என்றார். எடுக்கத்தான் வேண்டியிருக்கும். எவ்வளவு எடுப்பது என்பது அங்கே தெரியும்.

இவருக்கு ஒரு மாதம் லீவு எழுதிக்கொடுத்தாயிற்று. எனக்கும் தலைமையாசிரியை தந்துவிட்டார். ரோசலி கமலம் டீச்சர் வீட்டில்.

அத்தையும் வருவேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

மார்ச் 27, திங்கள். சேலம்

யுத்தத்துக்கென்று ரயில் பாதையைப் பிடுங்கிக்கொண்டு போனதிலிருந்து பஸ்தான் கதி. பெட்ரோல் கிடைக்காததால் கரி வண்டி. பின்னால் அடுப்பு, அதை ஒருவன் சுற்றிச் சுற்றிக் கிளப்ப அரை மணி நேரம். அதியமான்கோட்டை தாண்டியதும் எதிரே பட்டாள லாரிகள் வரிசையாக, புழுதி. தொப்பூர் தாண்டி ஒரு ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. இறங்கி நடக்கச் சொன்னார்கள். காலைக் காட்டியதும் இவரை மட்டும் உட்காரவிட்டார்கள்.

நானும் அத்தையும் வெயிலில் பஸ்ஸுக்குப் பின்னால் நடந்தோம். புகையில் இருமிக்கொண்டே அத்தை கேட்டார்: "முழுக் காலா?"

"தெரியலைங்க."

அதன்பிறகு மேலே ஏறும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏறிய பிறகு விட்டுவிட்டார்.

மார்ச் 29, புதன்

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் பெஞ்சு. அத்தையின் கையில் செபமாலை, உதடு அசையவில்லை.

சுண்டுவிரலும் அடுத்த விரலும். பாதம் தப்பியது. ஒரு வாரம் தாமதித்திருந்தால் கணுக்காலோடு போயிருக்கும் என்றார் ஆபரேஷன் செய்தவர்.

ஒரு வாரம். அந்த நீல நாட்களை எண்ணிப் பார்க்க மாட்டேன்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

இங்கே ஊசி மருந்து கொஞ்சம் இருக்கிறது. புண் ஆறும்வரை போடுவார்களாம். காய்ச்சல் இறங்கிவிட்டது. அளந்த சாப்பாடு: ஒரு சிறு கிண்ணம் கோதுமைக் கஞ்சி, காய், முட்டை, மோர்.

நர்சம்மா நல்லவர். தூத்துக்குடிப் பக்கம், பேச்சு வேறு மாதிரி. நம் வார்டிலேயே நீல மருந்து வைத்துப் பார்க்கிறார். முதல் நாள் அத்தை விலகி உட்கார்ந்தார். நேற்று எழுந்துவந்து பக்கத்தில் நின்றார். இன்று, "இது என்னா கலரு?" என்று கேட்டார். "பச்சை ஆத்தா, நேத்துக்கு இன்னைக்கு எறங்கியிருக்கு" என்று நர்சம்மா முதலிலிருந்து எல்லாம் சொன்னார். சோறு உள்ளே போய் எப்படிச் சர்க்கரையாகிறது, இவர் உடம்பு அதை ஏன் பிடித்துவைக்க முடியாமல் விடுகிறது, அது தேங்கினால் புண் ஏன் ஆறாது. நானும் இதை ஒருநாள் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எதையும் விளக்குகிறேன். மாமியாருக்குப் பட்டியல்தான் காட்டினேன்.

குழாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அத்தை, "அவனுக்கு நடந்தப்ப எனக்கு யாரும் இப்படிக் காட்டலியே" என்றார்.

நர்சம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

கடும் வெயில். மூன்று மணிக்கு வார்டில் இருந்தபடியே செபம். அடுத்த கட்டிலில் ஓமலூர்க்காரர், வேறு ஏதோ புண், அவரும் கைகூப்பினார்.

கட்டுப் பிரிக்கும்போது இவர் முதல்முறையாகத் தன் பாதத்தைப் பார்த்தார். "மூணுதான்" என்றார். அழுதார். அத்தை பார்க்காமல் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு

நடுச்சாமப் பூசைக்குப் போக முடியவில்லை. மணி மட்டும் கேட்டது.

என் பொருத்தனை முடிந்தது. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு அம்மாள் இட்லி விற்கிறாள், ஆவி பறக்க. அங்கே நின்று யோசித்தேன். எனக்குத் தபசு காலம் முடிந்துவிட்டது. இவருக்கு முடியாது. இவருக்குப் பாஸ்கு கிடையாது, அடுத்த வருஷமும், அதற்கடுத்ததும். நாற்பது நாளைக்கென்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன், அதிலும் வளைகாப்பு இலையில் விழுந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஆயுசு முழுக்க யாரால் முடியும்? அதையேதான் இவரிடம் எதிர்பார்த்தேன்.

மூன்று இட்லி வாங்கித் தின்றேன். தேங்காய்ச் சட்னி. நன்றாக இருந்தது.

இவரிடம் வந்து சொன்னேன், பொங்கல் தின்றதையும் சேர்த்து. "ரெண்டாந்தரம் வேற வாங்குனியா?" என்றார். பிறகு, தேங்காய்ச் சட்னியா, பொட்டுக்கடலையா என்று கேட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாகப் பழைய குரல்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன், பொருத்தனை என்று பெரிய பேர் வைக்காமல். தினம் ஒரு வேளை, இரவுச் சாப்பாடு, இவர் தட்டில் இருப்பதே என் தட்டிலும். ஒரே நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து. மற்ற வேளை என் பாடு. அவ்வளவு என்னால் முடியும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 19, புதன். தர்மபுரி

வந்து சேர்ந்தோம். வீடெல்லாம் புழுதி, எலி. ரோசலி இளைத்திருக்கிறாள். அப்பா காலைப் பார்க்கவேண்டும் என்றாள். காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வலிக்குதா என்று கேட்டாள்.

ஊசி இனி கிடையாது. இனி எல்லாம் அடுப்படியில்.

ஏப்ரல் 23, ஞாயிறு

நிறம்: பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில்.

இவர் கம்பு ஊன்றித் தெருமுனைவரை நடந்து திரும்பினார். பாதம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. செருப்புத் தைப்பவரிடம் கோணலாக அடித்தோல் வைத்துத் தரச் சொல்லியிருக்கிறோம்.

அத்தைக்குத் தனியாக அரிசி வைத்தேன். வேண்டாம் என்றார். "அவன் திங்காதத நான் எப்பிடித் திங்குறது." பல்லில்லாத வாயால் களியைக் கீரையோடு பிசைந்து விழுங்குகிறார். நானும் அவரும் இன்னும் அதிகம் பேசுவதில்லை. அந்தப் பகல் சோற்றை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள் ஆம், ஒரு நாள் இல்லை.

ஏப்ரல் 26, புதன்

நிறம்: மஞ்சள்.

பேசாமல் குழாயைக் கழுவப் போனவள், நின்று, திரும்பிவந்தேன். மஞ்சள் என்று இவரிடம் சொன்னேன். நேற்றுச் சாமை கொஞ்சம் கூடிவிட்டதோ என்று இருவரும் யோசித்தோம். இது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நல்ல சேதியைத்தான் ஓடிப்போய்ச் சொல்லிப் பழக்கம்.

ஆபீஸில் இருந்து ஆள் வந்தது. அடுத்த வாரம் வேலைக்கு வரமுடியுமா என்று. நிற்கிற வேலை வேண்டாம், உட்கார்ந்து எழுதுவது தரலாம் என்கிறார்களாம். களியைக் கட்டிக்கொடுக்கச் சொல்கிறார். யார் பார்த்தால் என்ன என்கிறார்.

ஏப்ரல் 30, ஞாயிறு

நிறம்: பச்சை.

அத்தை ஊருக்குப் புறப்பட்டார். பஸ் ஏறும்போது இவருடைய பாதத்தைக் குனிந்து தொட்டார். தாய் மகன் காலைத் தொடுவதா என்று இவர் காலை இழுத்துக்கொண்டார். பரணில் இருந்த வெல்லப் பானையை அத்தை திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 6, சனி

மூன்று நாளாகப் புழுக்கம். மேற்கே, பென்னாகரம் பக்கம், மின்னல் மட்டும். மழை இல்லை.

வியாழனன்று கமலம் டீச்சர் வீட்டு ஆள் ஒரு கூடை செந்தூர மாம்பழம் கொண்டுவந்து வைத்தான். அவளுக்கு ஆண்குழந்தை, சுகப்பிரசவம். பழத்தை ரோசலிக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தது போக மீதி வீட்டில்தான் இருந்தது. வாசனை வீடு முழுக்க. ஒரு கீற்றுக்கு மேல் இவருக்கு ஆகாது. நேற்று இரவு ஒரு கீற்று நறுக்கிக் கொடுத்தேன், நானும் ஒரே கீற்று.

இன்று காலை அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். இவர் கம்பை ஊன்றிக்கொண்டு கிளாஸோடு வந்து நின்றார். உடனே தரவில்லை.

"செவப்பாத்தான் வரும்" என்றார்.

"ஏங்க?"

"விடியக்காலம் எழுந்து ஒரு முழுப் பழம் தின்னுட்டேன். யாரும் குடுக்கல. நானேதான் எடுத்தேன்."

கிளாஸை வாங்கினேன். மஞ்சளாக, கலங்கலாக இருந்தது. தண்ணீர் கலக்காமல், இன்னும் சூடாக இருந்தது.

கொட்டை எங்கே என்று கேட்டேன். கொல்லையில் புதைத்துவிட்டாராம். எப்படி இருந்தது பழம் என்று கேட்டேன். ரொம்ப நன்றாக இருந்ததாம்.

இருவருமாகக் குனிந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை ஆகி, மஞ்சள் ஆகி, சிவந்தது. பகலுக்குக் களியைப் பாதியாக்கிக்கொள்ளலாம், சாயங்காலம் இன்னும் கொஞ்சம் அதிகம் நடக்கலாம் என்றார். சரி என்றேன். காலைக் கழுவித் துடைத்து விரலிடுக்கைப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது.

கேழ்வரகைக் கல் பொறுக்கி வெயிலில் போடவேண்டும். அதற்குள் மேகம் கூடிவிட்டது.